கப்பல் ஏறாத கல்லுக்கு ஒரு தேதி

அன்பு மகள் வாணிக்கு,

உன்னைப் பெற்ற என் அண்ணன் இருந்திருந்தால் இதை அவன் எழுதியிருப்பான். நாலே வரியில் முடித்தும் இருப்பான். உனக்கு வாய்த்தது சித்தப்பன். நாலு வரியில் என்னால் ஒரு தும்மலைக்கூட விவரிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். நேற்றிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், "சித்தப்பா, நீ பேசினா பேச்சு வளரும், வுடு" என்று வைத்துவிடுகிறாய். அது நியாயம்தான். அதனால்தான் எழுதுகிறேன். பேனா பிடித்தால் எனக்குக் கை வலிக்கும், கை வலித்தால் பொய் குறையும். எழுதி முடித்ததும் உன் சித்தி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். சாயந்திரத்துக்குள் படித்துவிடு. நாளைக்குப் பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டுக்கு வருகிறார்கள். தை மாதக் கல்யாணம் நடக்குமா நின்றுபோகுமா என்பது நாளைக்கு நம் கூடத்தில் முடிவாகிவிடும். எல்லாம் ஒரு தேதியால் வந்தது. நீ போட மாட்டேன் என்று சொன்ன தேதி. உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. சம்பந்தியும் மாப்பிள்ளையும் இன்று காலையே ஒருமுறை வந்து போய்விட்டார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் நீ நாளைக்கு அவர்கள் முன்னால் வந்து உட்காரக்கூடாது.

முதலில் எனக்கு இந்த விஷயத்தில் என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். எட்டாவது வரை படித்தவன்தான் நான். ஒன்பதாவதில் என்னை வைத்துக்கொள்ளும் தைரியம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை. ஆனால் நம் ஊர்த் தங்க மைன்ஸ் மூடியபிறகு, விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு பக்கத்துக் கன்டெய்னர் டிப்போவுக்குப் போய் வந்தவன். பெயருக்கு கேட் செக்யூரிட்டி, உண்மையில் அந்த டிப்போ என் கண்ணசைவில் நடந்தது. ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் மாட்டியிருக்கிற இரும்பு சீலின் நம்பரை நான் படித்துச் சொன்னால்தான் கேட் திறக்கும். ஒருநாள் நான் லீவு போட்டேன், கப்பலே ஒருநாள் தாமதமாகப் புறப்பட்டது. சரி, கப்பல் வேறு காரணத்தால் தாமதமாகியிருக்கலாம். கை இன்னும் வலிக்க ஆரம்பிக்கவில்லை.

நான் வீட்டுக்குக் கொண்டுவந்த சொற்களை வைத்து விளையாடி வளர்ந்தவள் நீ. துறைமுகத்தில் பெட்டியை இலவசமாக வைத்திருக்கக் கொஞ்சம் நாள் தருவார்கள், அதற்குமேல் கிடந்தால் டெமரேஜ் என்று வாடகை ஏறிக்கொண்டே போகும் என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரமே உன் சித்தியின் தம்பி குப்பத்திலிருந்து வந்து போகாமல் உட்கார்ந்திருந்தபோது, நீ தட்டில் சோறு வைத்துக்கொண்டே, "மாமா, உனுக்கு ஃப்ரீ டைம் முடிஞ்சி போச்சி, இனிமே டெமரேஜ்" என்றாய். அவன் அன்று சாயந்திரமே மூட்டை கட்டினான். உன் சித்தி என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. இன்றைக்கு நீ பெங்களூருவில் தங்கி, ஏற்றுமதிச் சரக்கை அனுப்பும் கம்பெனியில் டாக்குமென்ட் செக்‌ஷனில் இருக்கிறாய், பில் ஆஃப் லேடிங்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உனக்கு இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று நான் சம்பந்தி வீட்டார் நிறைந்த சபையில், "எங்க பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தான் கப்பலு நங்கூரத்தையே தூக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். எனக்கு அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது.

நம் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக, நடந்ததை நேராக எழுதிவிடுகிறேன். சம்பந்திக்கு பங்காருபேட்டை ரோட்டில் கிரானைட் பாலிஷ் போடும் ஃபாக்டரி. போலந்து நாட்டுக்காரர் ஒருவர் கல்லறைக்கு வைக்கும் கருங்கல் பலகைகள் கேட்டிருந்தார். பணத்தை அந்த ஊர் பேங்க் கொடுக்கும், ஆனால் இந்தத் தேதிக்குள் சரக்கு கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஏறியதற்கு அத்தாட்சி நீ கொடுக்கிற பில் ஆஃப் லேடிங். அதில் 'கப்பலில் ஏற்றப்பட்டது' என்று எழுதி ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியைப் பார்த்துத்தான் பேங்க்காரன் பணத்தை அவிழ்ப்பான். சம்பந்தி நிறைய பலகைகளின் ஓரம் பெயர்ந்துவிட்டது என்று திரும்பப் பாலிஷ் போட்டார். அதில் நாள் போயிற்று. பெட்டி சென்னைத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பலுக்குப் பெட்டி வாங்கும் கெடு முடிந்திருந்தது, கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் அடுத்த வாரம். அதற்குள் பேங்க் சொன்ன தேதி தாண்டிவிடும். போன கப்பலின் தேதியையே போட்டுக் கொடு என்று சம்பந்தி உன்னிடம் கேட்டார். நீ முடியாது என்றாய். போலந்துக்காரருக்கு உண்மையை எழுதுங்கள், கெடுவைத் தள்ளிப்போடச் சொல்லி பேங்க்கில் திருத்தம் வாங்கலாம், நானே எழுதித் தருகிறேன் என்றாய். எழுதினால் அவன் இதையே சாக்காக வைத்து விலையை அடிப்பான், இல்லாவிட்டால் கல்லே வேண்டாம் என்பான் என்றார் அவர். உன் மேனேஜரோ, "இது உங்க ஃபேமிலி மேட்டர், நீயே பாத்துக்கோ" என்று கையைக் கழுவிவிட்டான். கையெழுத்து உன்னுடையது, மாட்டிக்கொண்டால் நீ தனியாகத்தான் மாட்டுவாய்.

இனி இன்று காலை நடந்தது. ஒன்பது மணி இருக்கும். கார் நம் லைன் வீடுகளின் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. சம்பந்தி பழத்தட்டு எதுவும் கொண்டுவரவில்லை. அதைப் பார்த்ததுமே உன் சித்தி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை பின்னால் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார். சம்பந்தி சுற்றி வளைக்கவில்லை.

"இன்னா சம்பந்தி, வூட்டுப் பொண்ணே வூட்டுக் காரியத்துக்குக் கை குடுக்கலன்னா வேற யாரு குடுப்பா? நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ தட்ட மாட்டான்னு சபையில சொன்னீங்களே."

"கல்லு இப்ப எங்க கீதுங்க?" என்று கேட்டேன்.

"ஹார்பர் யார்டுல தான் கீது."

"அப்ப கப்பல்ல ஏறல."

"ஏறத்தான போவுது. அடுத்த வாரம் எப்படியும் ஏறப்போற கல்லுக்கு, ஒரு தேதிய முன்னாடி போட்டா யாரு குடி முழுவிப் போவுது? நான் இன்னா வெறும் பொட்டியா அனுப்பறேன்?"

உண்மையைச் சொல்கிறேன் வாணி, அந்த ஒரு நிமிஷம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கல் இருக்கிறது. கப்பல் வரப்போகிறது. மண்டபம் பேசியாகிவிட்டது. உன் சித்தி பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தேதி என்ன, ஒரு வாரம். டீக்கடையில் பாம்புக் கதை சொல்லும்போது நான் பாம்பின் நீளத்தில் சேர்க்கிற அளவுகூட இல்லை. வாயைத் திறந்து, "பேசிப் பாக்கறேங்க" என்று சொல்லப் போனேன். அப்போது உன் அப்பன் ஞாபகம் வந்தது. அவனுடைய இடது காது.

டோக்கன் கதை உனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்டதெல்லாம் நான் சொன்ன கதை. கழுத்தளவு தண்ணீர், அண்ணன் தோளில் ரெண்டு பேர், மேலே வந்ததும் வெள்ளைக்காரனே வந்து கைகொடுத்தது. அப்போது ஊரில் வெள்ளைக்காரனே கிடையாது. நடந்தது இவ்வளவுதான். ஷிஃப்டுக்கு இறங்குகிறவன் டைம் ஆபீசில் தன் பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஏற வேண்டும். டோக்கன் வெளியே போயிருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருவன் வேலைக்கு வராமல், ஆஜர் மட்டும் விழட்டும் என்று தன் டோக்கனையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கூட்டாளியிடம் சொல்லியிருந்தான். நம் ஊரில் அது பெரிய குற்றம் இல்லை, சிநேகிதத்துக்குச் செய்கிற உதவி. அன்றைக்குக் கீழே பாறை வெடித்துச் சரிந்தது. எல்லோரும் மேலே வந்தார்கள், ஒரு டோக்கன் மட்டும் திரும்பவில்லை. அதை எடுத்த கூட்டாளிக்கு மண்டையில் அடி, ஆள் வரவே இல்லை என்று சொல்லப் பேச்சில்லை. அந்த டோக்கன்காரனைத் தேடித்தான் உன் அப்பன் இன்னும் சிலரோடு திரும்ப இறங்கினான். இல்லாத ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கல்லைப் புரட்டினார்கள். ரெண்டாவது முறை பாறை வெடித்தபோதுதான் அவனுக்கு அந்தக் காது போயிற்று. டோக்கன்காரன் அந்த நேரம் பங்காருபேட்டையில் அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். நீ சின்ன வயசில் அப்பனிடம் எதைச் சொன்னாலும் வலது பக்கம் ஓடிப்போய் நின்று சொல்வாயே, அது இதனால்தான்.

இதை சம்பந்தியிடம் சொன்னேன். ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். அவரும் இந்த ஊர்க்காரர்தான், அவருடைய அப்பாவும் கேஜில் இறங்கி ஏறியவர்தான். சம்பந்தி டீயை ஒரு வாய் குடித்தார்.

"அது ஆளு சம்பந்தி, இது கல்லு. கல்லு எங்கியும் ஓடாது, யாரும் தேடிகினு போவ மாட்டான்."

"கல்லு ஓடாதுங்க. ஆனா போலந்துல கீறவன் கல்லயும் பாக்கல, உங்களயும் பாக்கல. அவன் பாக்கறது அந்தத் தேதிய மட்டுந்தான்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க உண்மையப் பத்திப் பேசறீங்களா? ஆண்டர்சன்பேட்ட டீக்கடையில உங்க பொய்யில பாதிய நான் கேட்டிருக்கேன். மீதிய ஊரே கேட்டிருக்குது."

சித்தி முகம் வாடிவிட்டது. எனக்கு வாடவில்லை. பாதிதான் கேட்டிருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஆமாங்க," என்றேன். "நான் சொன்ன பாம்பு இம்மாம் நீளம்னா, கேக்கறவன் மனசுல பாதி வெட்டிட்டுத்தான் வூட்டுக்குப் போறான். ஏன்னா என்னைய அவனுக்குத் தெரியும். எங்க பொண்ணு போடற தேதிய வெட்டிப் பாக்க அந்த ஊர்க்காரனுக்கு வழி இல்லீங்களே. அவளத் தெரியாதவன்தான அதப் படிக்கப் போறான்."

இது நான் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. சொன்னபிறகுதான் எனக்கே புரிந்தது. இத்தனை வருஷம் நான் கூட்டிச் சொன்னதெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம். உன் காகிதம் முகமில்லாமல் கடல் தாண்டிப் போகிறது.

அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து சித்தி வாயைத் திறந்தாள். "அவளுக்கு வேல போயிடுங்க."

அதற்கு அவர் சொன்னதை நீ கவனமாகப் படி. "போனா போவட்டும்மா. கல்யாணத்துக்கு அப்புறம் அவ எதுக்கு ரயிலேறிப் போய்கினு வரணும்? எங்க எக்ஸ்போர்ட் பேப்பரெல்லாம் இனிமே அவதான் பாக்கப் போறா. அதுக்குத்தான இந்தப் பொண்ண வேணும்னு கேட்டேன்."

ஒரு தேதியோடு இது முடியப்போவதில்லை என்று அப்போது எனக்கு உறைத்தது. வரப்போகிற மருமகளுக்கு என்ன நிறம், எவ்வளவு உயரம், சமைப்பாளா என்று ஜனங்கள் பார்ப்பார்கள், அது எனக்குப் பழக்கம். அவர் உன் கையெழுத்தைப் பார்த்துப் பெண் கேட்டிருக்கிறார். டீயைக் கீழே வைத்துவிட்டேன். நான் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க இன்னா சொல்றீங்க மாப்பிள்ள?" என்று கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அப்பா சொல்றதுதான் மாமா."

சம்பந்தி எழுந்தார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றோம். பொண்ணும் இருக்கட்டும். தட்டு மாத்தனது மாத்தனதா, திருப்பறதான்னு அப்ப பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை.

அவர் கார் வரைக்கும் நடந்துபோனபிறகு மாப்பிள்ளை செருப்பு மாட்டுவதுபோல வாசலில் நின்றார். குரலை இறக்கி, "மாமா, வாணி சொல்றதுதான் கரெக்ட். எனக்குத் தெரியும். போலந்து பையருக்கு மெயில் போட்டா ஒத்துக்குவான்னுதான் எனக்கும் தோணுது. ஆனா அப்பா முன்னாடி எப்படிச் சொல்றது?" என்றார். கண் கலங்கியிருந்தது. இதை நான் சேர்க்கவில்லை, சித்தியும் பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னாத்துக்கு மாப்பிள்ள?" என்றேன். "நானா உங்களக் கட்டிக்கப் போறேன்?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. காரில் ஹாரன் அடித்தார்கள். ஓடிவிட்டார்.

டிப்போவில் எனக்குப் பிடித்த ஒரு வாசகம் உண்டு. சீல் வைத்த பெட்டியைக் கப்பல்காரன் திறந்து பார்க்க மாட்டான். அதனால் பில்லில், உள்ளே இன்னது 'இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்றுதான் எழுதுவான். உள்ளே கல்லா கரியா என்பதற்கு அவன் பொறுப்பில்லை. மாப்பிள்ளை பார்க்கிறபோதும் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நல்ல பையன் என்று சொல்லப்படுகிறது. குடிக்க மாட்டான் என்று சொல்லப்படுகிறது. நானும் உன்னைப் பற்றி அவர்களிடம் ஏராளமாகச் சொல்லியிருக்கிறேன், வீணை வாசிப்பாய் என்றுகூட. இன்று காலை அந்தப் பெட்டிக்குள் இருந்து எனக்கு ரெண்டு குரல் கேட்டது, கூடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. எது அவர் என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் பேசியவர்தான் நிஜம் என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு ஆசை. கூடத்தில் பேசியவர்தான் நிஜம் என்று சொல்லி, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று முடிக்கவும் ஆசை. ரெண்டையும் அழகாகச் சொல்ல எனக்கு வரும். ரெண்டையும் சொல்லாமல் விடுகிறேன். கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டேன், அந்தக் குரலோடு வாழப் போகிறவள் நீ.

உன் சித்தி காலையிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள் என்று எழுத நினைத்தேன், அதுவும் பொய். அவள் அழவில்லை. ஒரே ஒரு தடவை, "ஊர் இன்னா சொல்லும்?" என்றாள். பிறகு அவளே, "சொல்லிட்டுப் போவட்டும்" என்று வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். எங்களுக்காக நீ அந்தத் தேதியைப் போட வேண்டாம். எங்களுக்காக இந்தக் கல்யாணத்தை உதறவும் வேண்டாம். நின்றுபோன கல்யாணம் உள்ள வீடு என்று லைனில் நாலு பேர் பேசுவார்கள். அந்த நாலு பேருக்கும் நான் வேறு கதை கொடுத்துக்கொள்கிறேன், அது என் தொழில். மண்டபத்துக்காரருக்கு ஒரு போன் போட்டால் போதும், நான் சொன்னால் அவர் கோயில் தேரையே நிறுத்துவார்.

நாளைக்கு நீ காலை ரயிலில் வந்துவிடு. வந்ததும் அடுப்படிக்குள் போகாதே, காபித் தட்டை நான் எடுத்துவருகிறேன். கூடத்தில், மாப்பிள்ளைக்கு நேர் எதிரே இருக்கிற நாற்காலியில் உட்காரு. அவருடைய அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, வாசலில் என்னிடம் சொன்னதை இங்கே சொல்ல முடியுமா என்று நீயே கேள். நான் கேட்டால் அது என் சாமர்த்தியமாகிவிடும். நீ கேட்டால்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். அவர் உடனே சொல்ல மாட்டார். அப்பாவைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், போனைக் கையில் எடுப்பார். அந்த இடைவெளியில் யாராவது எதையாவது பேசி அவரைக் காப்பாற்றிவிட்டால் உனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். காப்பாற்றுவது வழக்கமாக நான்தான். எந்தச் சபையிலும் ஒரு மௌனம் விழுந்தால் ஒரு பாம்பையோ ஒரு வெள்ளைக்காரனையோ எடுத்துவிட்டு அதை மூடிவிடுவேன். நாளைக்கு மூட மாட்டேன். அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும், காபி ஆறினாலும், சம்பந்தி தொண்டையைக் கனைத்தாலும், அவர் பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. உன் சித்தி என் தோளுக்குப் பின்னால் நின்று இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

உன் சித்தப்பன்